பூஜ்ஜியம் என்னும் உரிமையாளர்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசுடன் பாஸ் என்ற லினக்சும் இருந்தது. பாஸ் சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் இயங்குதளம்; அதன் அடித்தளம் டெபியன். மேச்சேரியில் அப்படியொரு மடிக்கணினி வைத்திருக்கும் மாணவி தன் வீட்டில் ராணி. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்னும் தலைமைப் பயனரின் கடவுச்சொல் அவள் கையில். பள்ளிக் கணினிக்கூடத்திலோ அவள் விருந்தாளி. அங்கே ரூட் அதிகாரம் கிடையாது, கொடுக்கவும் கூடாது. அந்தக் கூடத்து இயந்திரத்தில் உட்கார்ந்து, பென்டிரைவில் போட்டு எழுப்பக்கூடிய தன் சொந்த லினக்ஸ் ஒன்றைத் தயாரிக்க அவள் நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்99 விசைப்பலகை முதலிலேயே அமைந்திருக்க வேண்டும், நேரம் இந்திய நேரமாக இருக்க வேண்டும், வேண்டிய நாலைந்து மென்பொருள்கள் இருக்க வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் இதற்கான வழிகாட்டிகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும், ரூட் அதிகாரத்தில் ஓட்டச் சொல்லும் சூடோ நிற்கும். ஒரு லினக்ஸ் கணினி எழுந்ததும் அதன் முன் விரியும் கோப்பகங்களின் முழு மரத்தைத்தான் ரூட் கோப்பமைப்பு என்கிறோம். அதிலுள்ள கோப்புகளில் பெரும்பாலானவை ரூட்டுக்குச் சொந்தம். ரூட்டின் கோப்புகளை ரூட் அல்லாதவர் எப்படி உருவாக்க முடியும் என்பது நியாயமான கேள்விதான். முடியும்; அப்படிச் செய்வதே பாதுகாப்பும்கூட. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை மீறுவது மிக எளிது. இந்த அத்தியாயம் அந்த நிபந்தனையைப் பற்றியது.

முதலில் 'ரூட்டுக்குச் சொந்தம்' என்பதன் பொருளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் ஐநோட் என்றொரு பதிவு இருக்கிறது. கோப்பின் அளவு, மாற்றப்பட்ட நேரம், அனுமதிப் பிட்டுகள், உரிமையாளரின் எண், குழுவின் எண் எல்லாம் அதில் உண்டு. உரிமையாளரின் எண் 0 என்றால் அது ரூட்டின் கோப்பு. ரூட் என்ற பெயர்கூட ஐநோட்டில் இல்லை. அந்த 0-க்கு அதிகாரம் தருவது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையநிரல், மட்டுமே. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி 1973-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979-இல் பெற்ற 'செட்யூஐடி' என்ற ஏற்பாட்டை நினைத்தால் இது விளங்கும். உரிமையாளர் எண் 0-ஆகவும் அந்த ஒரு பிட் போடப்பட்டும் இருக்கும் நிரலை யார் ஓட்டினாலும் அது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். அதனால்தான் சாதாரணப் பயனர் தன் கோப்பை 0-க்கு எழுதிவைக்கக் கெர்னல் விடுவதில்லை. விட்டால் எல்லாப் பூட்டும் திறந்துவிடும். ஆனால் அந்தத் தடை எந்தக் கெர்னலின் கீழ் எந்த வட்டு உயிரோடு இருக்கிறதோ அதற்கு மட்டுமானது. பென்டிரைவுக்காகத் தயாராகும் படிமம் கூடத்துக் கணினியைப் பொறுத்தவரை வெறும் பைட்டுகள் அடங்கிய ஒரு கோப்பு. அதனுள்ளே எங்கோ 0 என்று எழுதியிருப்பது, நாளைக்கு வேறொரு இயந்திரத்தில் எழப்போகும் வேறொரு கெர்னலுக்கான கூற்று. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர் நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. பெயரைச் சரியாக எழுதினால் போதும்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் ரூட்டாகவே இருந்து கட்டுகிறார்கள்? பழக்கம் ஒரு காரணம்; அது சுருக்கு வழி என்பது இன்னொன்று. அந்தச் சுருக்கு வழியின் விலை பதிவாகியிருக்கிறது. 2011-இல் பம்பிள்பீ என்ற கட்டற்ற திட்டத்தின் நிறுவல் நிரலில், அழிக்கவேண்டிய பாதைக்கு நடுவில் ஒரே ஒரு இடைவெளி தவறுதலாக விழுந்தது. நிரல் ரூட்டாக ஓடியதால், நிறுவியவர்களின் கணினியில் யூஎஸ்ஆர் கோப்பகம் முழுவதும் அழிந்தது. அது யாருக்கும் நேரக்கூடிய தட்டச்சுப் பிழை. ரூட் கோப்பமைப்பைக் கட்டுவதில் இருக்கும் ஆபத்து இதைவிட நயமானது. தட்டச்சுப் பிழையே இல்லாமலும் வரும். டெபியன் வழி வந்த அமைப்புகளில் ஆக் என்ற நிரலின் பெயர் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு. யூஎஸ்ஆர் பின்னில் இருக்கும் ஆக், ஈடிசியில் இருக்கும் ஆல்டர்னேட்டிவ்ஸ் கோப்பகத்துக்குக் கை காட்டும். அது மறுபடி யூஎஸ்ஆர் பின்னில் இருக்கும் மாக் நிரலுக்குக் கை காட்டும். இரண்டும் சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதைகள். மாணவி தான் கட்டும் மரத்துக்குள் இருக்கும் ஆக் மீது புதிய நிரல் ஒன்றைச் சாதாரண நகல் கட்டளையால் போடுகிறாள். நகல் கட்டளை சிம்லிங்கைப் பின்தொடரும். முழுப் பாதை என்பதால், கட்டப்படும் மரத்தை விட்டு வெளியேறிக் கூடத்துக் கணினியின் சொந்த ஆல்டர்னேட்டிவ்ஸ் வழியாக அந்தக் கணினியின் சொந்த மாக் நிரலின் மீது போய் எழுதும். சென்னை ஐஐடியின் சக்தி என்ற ரிஸ்க்-ஐந்து செயலித் திட்டத்திலிருந்து வந்த சில்லு 2018-இல் லினக்சை எழுப்பியது. அப்படியொரு ரிஸ்க்-ஐந்து சில்லுக்காக அவள் கட்டிக்கொண்டிருந்தால், இன்டெல் கணினியில் ஓடவே முடியாத நிரல் அங்கே உட்கார்ந்திருக்கும். இந்திய நேரத்தை அமைக்க லோக்கல்டைம் கோப்பின் மீது எழுதப்போனாலும் இதே கதைதான். அதுவும் முழுப் பாதை சிம்லிங்க். சூடோவோடு செய்தால் இவை சத்தமில்லாமல் நடந்துவிடும். சூடோ இல்லாமல் செய்தால் கெர்னல் 'அனுமதி இல்லை' என்று நிறுத்தும், வேலை கெடாது. அதிகாரம் இல்லாதது அந்த இடத்தில் ஒரு காவல்.

கவனமாக இருப்பவர்களுக்கு இது நேராது என்று சொல்பவர்கள் உண்டு. நிரல்களைக் கொள்கலன் என்னும் தனிக் கூண்டுகளில் ஓட்டும் டாக்கரை எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். ஆனாலும், ரூட்டாக ஓடும் டாக்கர் கொள்கலனுக்குள்ளும் வெளியிலும் கோப்புகளை நகலெடுக்கும்போது, பாதையைச் சரிபார்த்த கணத்துக்கும் பயன்படுத்திய கணத்துக்கும் நடுவில் சிம்லிங்கை மாற்றி வெளியே எழுதவைக்க முடிந்தது. அந்தக் குறைபாட்டின் எண் சிவிஇ-2018-15664. கண்டுபிடித்தவர் அலெக்சா சராய். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இல் ஓப்பன்அட்2 என்ற புதிய அழைப்பைக் கொண்டுவந்தவரும் அவரே. 'இந்தக் கோப்பகத்தையே வேராகக் கொண்டு பாதையைப் படி' என்று அதன் மூலம் கெர்னலிடமே சொல்லலாம். அப்படிச் சொன்னால் எந்தச் சிம்லிங்கும் மரத்தை விட்டு வெளியேறாது. ஐம்பதாண்டு யூனிக்ஸ் அனுபவத்துக்குப் பிறகும் இதற்குப் புதிய கெர்னல் அழைப்பு தேவைப்பட்டது என்றால், கவனத்தை மட்டும் நம்பச் சொல்வது வீண் பேச்சு.

இனி அந்த நிபந்தனைக்கு வருவோம். அதிகாரம் இல்லாமல் 0 என்று எழுத முடியாத இடத்தில், 0 என்று எழுதியதாக எங்காவது குறித்துவைக்க வேண்டும். டெபியன் தொகுப்புகளைச் செய்வதற்காக 1990-களின் பிற்பாதியில் பிறந்த ஃபேக்ரூட் இதைத்தான் செய்கிறது. நிரலுக்கும் சி நூலகத்துக்கும் நடுவில் அது தன்னை நுழைத்துக்கொள்ளும். நிரல் 'இந்தக் கோப்பை ரூட்டுக்கு மாற்று' என்றால் 'மாற்றிவிட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டு, பின்னணியில் இருக்கும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். பிறகு 'இது யாருடையது' என்று நிரல் கேட்டால் அந்தக் கணக்கைப் பார்த்துப் பதில் சொல்லும். கடைசியில் டார் நிரல் எல்லாவற்றையும் கட்டி மூட்டையாக்கும்போதும் அதே பதில்தான் கிடைக்கும். ஆகவே மூட்டைக்குள் உரிமைகள் சரியாக இருக்கும். வட்டில் உள்ள கோப்புகள் ஒரு கணக்கு. உரிமைகளைச் சொல்லும் குறிப்பு இன்னொரு கணக்கு. இரண்டையும் இணைப்பது ஐநோட் எண். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதே நிபந்தனை. மாற்றம் செய்கிறவர் அதைக் கவனிக்காமல் மீறுவது கண்ணிமைக்கும் நேரத்து வேலை.

எப்படி என்று பார்க்க இரண்டு கோப்புகள் போதும். தமிழ்99 அமைப்பு விசைப்பலகைக் கோப்பில் இருக்கிறது. அது ரூட்டின் கோப்பு, ரூட்டின் குழு, எல்லோரும் படிக்கலாம். மாணவி ஃபேக்ரூட்டுக்கு வெளியே வந்து, செட் நிரலால் ஒரு வரியைத் திருத்துகிறாள். செட் 'இருந்த இடத்தில் திருத்துவதாக' சொன்னாலும் உண்மையில் புதிய கோப்பு ஒன்றை எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. ஐநோட் மாறிவிட்டது, கணக்கில் அந்தப் புதிய எண்ணுக்குக் குறிப்பு இல்லை. குறிப்பு இல்லாத கோப்புகளை ஃபேக்ரூட் ரூட்டின் கோப்பாகக் காட்டும். இந்தக் கோப்புக்கு அதுவே சரியான விடை; எந்தக் கேடும் இல்லை. அடுத்து, கடவுச்சொற்களின் சுருக்கங்கள் இருக்கும் ஷேடோ கோப்பு. டெபியனில் இதன் உரிமையாளர் ரூட், குழு எண் 42, அதாவது ஷேடோ குழு. உரிமையாளர் எழுதலாம், குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதையும் அவள் அதே வழியில் வெளியிலிருந்து திருத்துகிறாள். இப்போதும் குறிப்பு தொலைகிறது. குழு 42 மறைந்து 0 ஆகிறது. படிமம் தயாராகிறது. பென்டிரைவிலிருந்து கணினி எழுகிறது, உள்நுழைவும் வேலை செய்கிறது, ஏனென்றால் உள்நுழைவு நிரல் ரூட்டாக ஓடுகிறது. திரையைப் பூட்டிவிட்டு வந்தால்தான் வினை. திரைப்பூட்டு பயனரின் பெயரில் ஓடும் நிரல். கடவுச்சொல்லைச் சரிபார்க்க அது ஷேடோ குழுவின் அதிகாரம் பெற்ற ஒரு சிறு உதவி நிரலை நாடுகிறது. அந்த உதவி நிரலால் இப்போது கோப்பைப் படிக்க முடியாது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் தவறு என்று திரை சொல்லும். காரணம் தேடுபவர் விசைப்பலகையைச் சந்தேகிப்பார், தமிழ்99 அமைப்பைச் சந்தேகிப்பார். மூன்று நாளைக்கு முன் ஒரு வரி எங்கிருந்து திருத்தப்பட்டது என்று சந்தேகிக்க மாட்டார்.

ஆக, ஒரே செயல் ஒரு கோப்பில் பலிக்கிறது, இன்னொன்றில் கெடுக்கிறது. பலிக்கும் தடவைகளே அதிகம் என்பதால் இந்தப் பழக்கம் நிலைத்துவிடுகிறது. நல்ல கருவிக்கும் மோசமான கருவிக்கும் வித்தியாசம் இங்கேதான். ஃபேக்ரூட் மௌனமாகத் தவறுகிறது. விண்ட் ரிவர் நிறுவனத்தில் பீட்டர் சீபாக் எழுதி, சாதனங்களுக்கான லினக்ஸைக் கட்டும் யாக்டோ திட்டம் இன்று பயன்படுத்தும் சூடோ என்ற இன்னொரு கருவி (உச்சரிப்பில்தான் நமக்குச் சங்கடம், அதிகாரம் தரும் சூடோ வேறு, போலி என்று பொருள்படும் இந்தச் சூடோ வேறு) ஐநோட்டோடு பாதையையும் ஒரு தரவுத்தளத்தில் குறித்துவைக்கிறது. இரண்டும் முரண்பட்டால் யாரோ வெளியிலிருந்து கைவைத்திருக்கிறார்கள் என்று முறையிடுகிறது. யாக்டோவில் இன்னொரு சோதனையும் உண்டு: கட்டி முடித்த தொகுப்புக்குள் கட்டியவரின் சொந்தப் பயனர் எண் எங்காவது தென்பட்டால் எச்சரிக்கும். கணக்கு தப்பியதற்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. அதேபோன்ற கட்டுமானக் கருவியான பில்ட்ரூட்டைச் செய்பவர்களோ இன்னும் வெளிப்படையானவர்கள். கட்டும் இடத்தில் உள்ள டார்கெட் கோப்பகம் பார்வைக்கு முழு ரூட் கோப்பமைப்பு போலவே இருக்கும். அதற்குள் 'இது உங்கள் ரூட் கோப்பமைப்பு அல்ல' என்று பெரிய எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்பையே போட்டுவைத்திருக்கிறார்கள். காரணத்தையும் உள்ளே எழுதியிருக்கிறார்கள்: பில்ட்ரூட் ரூட்டாக ஓடுவதில்லை, ஆகவே அங்கே உரிமைகளும் சாதனக் கோப்புகளும் சரியாக இருக்காது, கடைசிக் கட்டத்தில் உருவாகும் படிமத்தையே பயன்படுத்துங்கள். ஒரு மென்பொருள் தன் பயனர்களின் கைப்பழக்கத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்து எழுதிய எச்சரிக்கை அரிது.

சில நிரல்களுக்கு மட்டும் கணினியின் தனிப் பார்வையைக் கெர்னல் காட்டும் பெயர்வெளிகள் வந்த பிறகு இன்னொரு வழி திறந்தது. 2013-இல் வந்த லினக்ஸ் 3.8 முதல், சாதாரணப் பயனர் தனக்கென்று ஒரு பயனர் பெயர்வெளியை உருவாக்கி அதற்குள் ரூட்டாக இருக்கலாம். கணினியின் நிர்வாகி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வரிசையை ஒதுக்கிவைப்பார். பெரும்பாலும் 100000-இல் தொடங்கி 65536 எண்கள். உள்ளே 0 எனப்படுவது வட்டில் 100000. உள்ளே 42 எனப்படுவது வட்டில் 100042. இங்கே இரண்டாவது கணக்கு தேவையில்லை; வட்டே கணக்கு. மாணவி பெயர்வெளியை விட்டு வெளியே வந்து ஷேடோ கோப்பைத் திருத்த முயன்றால், அது அவளுடைய எண்ணுக்குச் சொந்தமில்லாத கோப்பு என்பதால் கெர்னல் மறுத்துவிடும். தவறு நடந்து மூன்று நாள் கழித்துத் திரைப்பூட்டில் வெளிப்படுவதைவிட, நடக்கும் முன்பே மறுக்கப்படுவது எவ்வளவோ மேல். நிலையான இணைப்பில் கட்டப்பட்ட நிரல்களும் கோ மொழி நிரல்களும் சி நூலகத்தைத் தொடாமல் கெர்னலோடு நேரே பேசுவதால் ஃபேக்ரூட்டை ஏமாற்றிவிடும். பெயர்வெளியை அவற்றால் ஏமாற்ற முடியாது. டெபியன் கோப்பமைப்புகளைக் கட்டும் எம்எம்டெபூட்ஸ்ட்ராப் இந்த வழியில் ஓடக்கூடியது.

இதற்கு எதிரான வலுவான வாதம் பாதுகாப்புத் துறையிலிருந்து வருகிறது. பெயர்வெளிக்குள் போலி ரூட்டாக இருப்பவருக்கு, முன்பு உண்மையான ரூட் மட்டுமே தொடக்கூடியதாக இருந்த கெர்னல் பகுதிகள் எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அங்கே ஓட்டை இருந்தால் போலி ரூட் உண்மையான ரூட்டாகிவிடும். இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2022-இல் வெளிவந்த சிவிஇ-2022-0185 அப்படிப்பட்டது. டெபியன் இந்த வசதியை நெடுங்காலம் மூடிவைத்து, 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் இயல்பாகத் திறந்தது, உபுண்டுவோ 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் மூலம் மறுபடி கட்டுப்படுத்தியது. பல மாணவர்கள் கைவைக்கும் கூடத்துக் கணினியில் நிர்வாகி இதை மூடிவைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வாதம் பெயர்வெளிக்கு எதிரானது. ரூட் இல்லாமல் கட்டுவதற்கு எதிரானது ஆகாது. பெயர்வெளியும் வேண்டாம், ஃபேக்ரூட்டின் பொய்யும் வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. என் பார்வையில் அதுவே மூன்றிலும் நல்ல வழி: கூற்றைக் கோப்பின் மீது ஒட்டாமல், ஒரு பட்டியலில் எழுதிவிடுவது.

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. தொடக்கப் படிமத்தைச் செய்யும் ஒரு சிறு நிரல் அதில் இருக்கிறது. அதற்கு உள்ளீடு ஓர் எளிய உரைக்கோப்பு. இந்தப் பெயரில் ஒரு கோப்பு, உள்ளடக்கம் இங்கே, அனுமதி இது, உரிமையாளர் 0, குழு 0 என்று வரிவரியாக எழுதினால், அந்த எண்களை நேரே படிமத்தில் பதித்துவிடும். ரூட் மட்டுமே உருவாக்கக்கூடிய சாதனக் கோப்புகளும் அப்படியே. சாதனத்தைக் குறிக்கும் பெரிய எண், சிறிய எண் இரண்டையும் எழுதினால் முடிந்தது. யாரையும் ஏமாற்றவில்லை, எந்தக் கெர்னலிடமும் அனுமதி கேட்கவில்லை. பில்ட்ரூட்டில் அனுமதி அட்டவணை, பயனர் அட்டவணை என்று வைத்திருப்பதும் இதன் வளர்ச்சிதான். மாற்றவேண்டிய கோப்புகளைத் தனியொரு மேலடுக்குக் கோப்பகத்தில் வைத்தால், ஒவ்வொரு முறை கட்டும்போதும் மேலே பரப்பப்பட்டு, அட்டவணையின்படி எண்கள் எழுதப்படும். டெபியனும் மெல்ல இதே முடிவுக்கு வந்திருக்கிறது: கட்டும்போது ரூட் தேவையா என்று ஒவ்வொரு தொகுப்பும் அறிவிக்க ஒரு புலம் வந்தது, உரிமையாளர் எண்களை டிபிகேஜி-டெப் நிரலே 0 என்று எழுதும் விருப்பமும் வந்தது. ஃபேக்ரூட்டை ஈன்ற திட்டமே அதற்கு வேலை குறையும்படி செய்துகொண்டிருக்கிறது. விசைப்பலகைக் கோப்பை மாற்ற வேண்டுமா, மேலடுக்கில் மாற்ற வேண்டும். குழு 42 வேண்டுமா, பட்டியலில் எழுத வேண்டும். கட்டி முடித்த மரத்தில் கைவைக்கும் தேவையே எழாததால் இரண்டு கணக்கு பிரியும் பேச்சும் எழாது.

ஆனால் எல்லோர் கையிலும் மூலப் பட்டியல் இருக்காது. யாரோ கட்டிய படிமம் மட்டும் கையில் இருக்கும். அதில் ஒரு கோப்பை மாற்ற வேண்டும். அப்போதும் படிமத்தை ஏற்றுவதோ (மவுண்ட்) சூடோவோ தேவையில்லை. இஎக்ஸ்டி4 படிமமானால் டீபக்எஃப்எஸ் என்ற நிரல் அதைச் சாதாரணக் கோப்பாகவே திறந்து உள்ளே எழுதும். ஐநோட்டின் உரிமையாளர் எண், குழு எண், அனுமதி ஆகியவற்றையும் அதிலேயே மாற்றலாம். புதிதாக எழுதிய கோப்புக்கு இம்மூன்றையும் கையால் சரிசெய்ய மறக்கக் கூடாது என்பது மட்டுமே எச்சரிக்கை. டார் மூட்டையானால், பிரிப்பது, மாற்றுவது, மறுபடி கட்டுவது மூன்றும் ஒரே ஃபேக்ரூட் அமர்வுக்குள் நடக்க வேண்டும். நடுவில் வெளியே வந்து ஒரு வரி திருத்துவதுதான் மேலே கண்ட ஷேடோ கதை. பிங் போன்ற நிரல்கள் செட்யூஐடி பிட்டுக்குப் பதிலாக நீட்டிப்புப் பண்புகளில் தங்கள் சிறு அதிகாரத்தை வைத்திருப்பதுண்டு. டாருக்கு அதை எடுத்துச்சொல்லாவிட்டால் வழியில் உதிர்ந்துவிடும். வரிசையும் முக்கியம்: உரிமையாளரை மாற்றினால் கெர்னல் செட்யூஐடி பிட்டை அழித்துவிடும், ஆகவே முதலில் உரிமையாளர், பிறகு அனுமதி.

இத்தனை சிரமம் எதற்கு, ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ரூட்டாக உட்கார்ந்து கட்டிவிட்டு இயந்திரத்தையே தூக்கி எறியலாமே என்று கேட்கலாம். கூடத்துக் கணினியைக் காப்பாற்ற அது நல்ல வழி, மறுப்பதற்கில்லை. ஆனால் காப்பாற்றவேண்டியது கூடத்துக் கணினி மட்டுமில்லை, கட்டப்படும் படிமமும்தான். மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும் ஆக் சிம்லிங்க் மரத்தை விட்டு வெளியேறும். படிமத்துக்குப் போகவேண்டிய நிரல் போய்ச் சேராது, வெளியேறியதைச் சொல்ல 'அனுமதி இல்லை' என்ற செய்தியும் இருக்காது. ரூட் இல்லாத வழியையும் மிகையாகப் புகழக் கூடாது. 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் நிரல் ஒன்றில், வெறுமையாகிப்போன ஒரு மாறியால் அழிப்புக் கட்டளை வேரிலிருந்தே தொடங்கியது. ரூட்டாக ஓடாததால் இயங்குதளம் தப்பியது. பயனரின் சொந்தக் கோப்புகள் தப்பவில்லை. மாணவியின் கணக்கில் ஓடும் நிரலுக்கு அவளுடைய எல்லாக் கோப்புகளும் எட்டும். ஆகவே கட்டும் வேலைக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கைக் கேட்டு வாங்குவதும், வேண்டிய கோப்பகத்தை மட்டும் காட்டும் கூண்டுக்குள் ஓட்டுவதும் ரூட் இல்லாத கட்டுமானத்துக்கு மேலான தனிப் பாதுகாப்புகள்.

மீதமிருக்கும் உண்மையான தடை ஒன்றுதான்: தொகுப்புகளோடு வரும் நிறுவல் நிரல்கள். பயனர் கணக்கு உருவாக்குவது, எழுத்துருக்களுக்குக் குறிப்பகராதி எழுதுவது, கெர்னலுக்குத் தொடக்கப் படிமம் செய்வது போன்றவற்றை அவை நிறுவும் நேரத்தில் கட்டளைகளாகச் செய்கின்றன. தாங்கள் ரூட் என்றும், ஓடும் இடம் உண்மையான கணினி என்றும் நம்பியே எழுதப்பட்டவை. இன்னொரு வகைச் சில்லுக்குக் கட்டினால் அந்த நிரல்களை ஓட்ட கியூஈஎம்யூ போன்ற போலிச் செயலி வேண்டும். அதைக் கெர்னலில் பதிவு செய்ய நெடுங்காலம் உண்மையான ரூட் தேவைப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 முதல் பயனர் பெயர்வெளிக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளலாம். நிறுவல் நிரல்களையே ஒழித்து, 'இந்தப் பெயரில் ஒரு பயனர், இந்த எண்' என்று அறிவிக்கும், கணினியைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் உரைக்கோப்புகளை வைக்கும் வேலை தொகுப்பு தொகுப்பாக நடந்துவருகிறது.